பேச முடியாத நாளுக்காக இன்றே ஒரு வார்த்தை



பாய்மரத் தோணிகள் ஓடிய நாட்களில், நம் தூத்துக்குடி துறைமுகத்திலிருந்து புறப்படும் முன் தண்டல் பாயையும் கயிற்றையும் சுக்கானையும் ஒருமுறை பார்த்துக்கொள்வார். நடுக்கடலில் காற்று மாறின பிறகு பார்க்க நேரம் இராது. நாமும் வீட்டுக்கும் நிலத்துக்கும் உயில் எழுதி வைக்கிறோம், மகளின் நகையைப் பற்றிக்கூடச் சொல்லி வைக்கிறோம். ஆனால் கடைசி வியாதியில் நம் சரீரத்துக்கு என்ன செய்யலாம், என்ன செய்ய வேண்டாம் என்பதை மட்டும் வீட்டில் யாரும் வாய் திறந்து பேசுவதில்லை. பேசினால் அபசகுனம் என்கிறோம்.

அதனால் வருகிற பாரத்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் பார்க்கலாம். உள்ளே தாயார் நினைவின்றி வென்டிலேட்டரில் இருக்கிறார்கள். இனித் தேறுவதற்கு வழியில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூத்தவன் கப்பலில் இருக்கிறான். போனில் "எது வேண்டுமானாலும் செய்யுங்கள்" என்கிறான். கூடவே இருந்து பார்த்த மகளோ, "அம்மாவை இனி வருத்த வேண்டாம்" என்கிறாள். வீட்டுப் பத்திரம் ஏற்கெனவே அடகில் இருக்கிறது. அம்மா என்ன விரும்பியிருப்பார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நிறுத்தச் சொன்னவர் அந்தக் குற்றவுணர்வைச் சாகும்வரை சுமப்பார். தொடரச் சொன்னவர் கடனையும், தாயார் பட்ட வேதனையின் நினைவையும் சுமப்பார்.

இந்த நிலைக்கு உதவியாக நம் நாட்டில் சட்டப்படி ஒரு வழி இருக்கிறது. "முன்கூட்டிய மருத்துவ அறிவுறுத்தல்" அல்லது "லிவிங் வில்" என்று அதைச் சொல்வார்கள்.

இது எப்படி வந்தது?

மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் நர்ஸாக இருந்த அருணா ஷான்பாக் 1973-ல் கொடூரமாகத் தாக்கப்பட்டு, மூளை பாதிக்கப்பட்டுப் படுக்கையில் கிடந்தார். அவருக்கு உணவு கொடுப்பதை நிறுத்த அனுமதி கேட்ட மனுவை உச்ச நீதிமன்றம் 2011-ல் ஏற்கவில்லை. ஆனால் மீளவே முடியாத நோயாளிக்கு உயிர்காக்கும் சிகிச்சையை உயர் நீதிமன்றத்தின் அனுமதியோடு விலக்கலாம் என்று அதே தீர்ப்பில் சொன்னது. அருணாவை அவருடைய மருத்துவமனை நர்ஸ்கள், 2015-ல் அவர் மரிக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தங்கள் சகோதரியைப் போலப் பராமரித்தார்கள்.

பிறகு, "காமன் காஸ்" என்ற சங்கம் 2005-ல் தொடுத்திருந்த வழக்கில், 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். மாண்புடன் மரிப்பதும் வாழும் உரிமையின் பாகமே என்றும், தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முன்னதாகவே எழுதி வைக்கலாம் என்றும் சொன்னார்கள். அந்தப் பத்திரத்தில் மாஜிஸ்திரேட்டின் ஒப்பமும் தேவையாயிருந்ததால், எழுதுவது கடினமாயிருந்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை எளிதாக்கியது.

எழுதுவது எப்படி?

18 வயது நிரம்பி, தெளிந்த புத்தியுடன் இருக்கிற யாரும், ஒருவருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதலாம். எந்த நிலையில் எந்தச் சிகிச்சையை விலக்க வேண்டும் என்று தெளிவாகக் குறிக்க வேண்டும். நமக்குப் பேச முடியாதபோது நம் சார்பில் சம்மதம் தெரிவிக்கும் உறவினர் அல்லது பாதுகாவலரின் பெயரையும் எழுத வேண்டும். இரண்டு சாட்சிகள் முன் கையொப்பமிட்டு, நோட்டரி அல்லது கெஜட்டெட் அதிகாரியிடம் சான்று பெற வேண்டும். அதன் நகல்களை நாம் குறிப்பிட்ட உறவினருக்கும், குடும்ப டாக்டருக்கும், மாநகராட்சி, நகராட்சி அல்லது பஞ்சாயத்து அதிகாரிக்கும் கொடுக்க வேண்டும். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்தில் ரத்து செய்யலாம்.

பத்திரம் இருக்கிறது என்பதற்காக எந்த டாக்டரும் உடனே கருவியை நிறுத்திவிட மாட்டார். சிகிச்சை தரும் டாக்டரும், ஐந்து ஆண்டுகளாவது அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் சேர்ந்த முதல் குழு நோயாளியைப் பார்க்கும். பின்பு, மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் டாக்டரும் வேறு இரண்டு நிபுணர்களும் அடங்கிய இரண்டாம் குழு பார்க்கும். ஒவ்வொரு குழுவும் கூடியவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். குறிப்பிட்ட உறவினர் சம்மதிக்க வேண்டும். மாஜிஸ்திரேட்டுக்கும் முன்னதாக அறிவிக்க வேண்டும். குழு மறுத்தால் உயர் நீதிமன்றத்தை நாடலாம். பத்திரம் எழுதாதவர்களுக்கும், நெருங்கிய உறவினரின் சம்மதத்தோடு இதே முறைதான்.

இது பாவமா?

விசுவாசிகள் கேட்க வேண்டிய கேள்விதான். ஊசி போட்டு உயிரைப் போக்குவதைச் சட்டம் அனுமதிக்கவில்லை. நாமும் அதை ஏற்பதில்லை. இங்கே பேசுவது, குணமாக்க முடியாமல் மரணத்தை மட்டும் நீட்டிக்கிற சிகிச்சையைப் பற்றி. நோயாளிக்குப் பெருஞ்சுமையாகிற அசாதாரணச் சிகிச்சைகளை ஏற்கக் கடமையில்லை என்று போப் பன்னிரண்டாம் பயஸ் 1957-லேயே மயக்க மருந்து நிபுணர்களிடம் கூறினார்.

வேதத்திலும் நமக்கு மாதிரிகள் உண்டு. யாக்கோபு, தன்னை எகிப்தில் அடக்கம்பண்ணக் கூடாதென்று யோசேப்பிடம் ஆணையிடச் சொன்னார். பிள்ளைகளுக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. நம் ஆண்டவரும் சிலுவையின் வேதனை நடுவே, தம்முடைய தாயாரை இன்னாரிடம் ஒப்புவிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். முன்னதாகச் சொல்லி வைப்பது அவிசுவாசம் அல்ல. பின்னால் இருப்பவர்கள்மேல் நாம் வைக்கிற அன்பு.

வென்டிலேட்டர் வேண்டாம் என்றால் கைவிடுவதா?

இல்லவே இல்லை. வலிக்கு மருந்து, மூச்சுத்திணறலுக்கு ஆறுதல், படுக்கைப்புண்ணுக்குக் கட்டு, வாயை நனைக்கச் சொட்டுத் தண்ணீர், பிடித்துக்கொள்ள ஒரு கை, பக்கத்தில் ஒரு ஜெபம் ஆகிய எல்லாம் கடைசி மூச்சுவரை தொடர வேண்டும். இதை நோய்த்தணிப்புச் சிகிச்சை என்கிறோம். நர்ஸாக இருந்து டாக்டரான சிசிலி சாண்டர்ஸ் என்ற கிறிஸ்தவப் பெண்மணி 1967-ல் லண்டனில் ஆரம்பித்த இல்லம் இதற்கு உலகமெங்கும் வழிகாட்டியது. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்திலும் வீடு தேடி வரும் நோய்த்தணிப்புச் சேவை இருக்கிறது. குணமாக்க முடியாத நோயாளிக்கும் செய்ய வேண்டியது நிறைய உண்டு. மிஷன் ஆஸ்பத்திரிகளைத் தாங்குகிற உங்கள் காணிக்கைகள் அந்தப் பணிக்கும் உதவுகின்றன.

அன்பானவர்களே, பத்திரம் எழுதுவது பின்னால் ஆகட்டும். இந்த வாரம் ஒருநாள் குடும்ப ஜெபம் முடிந்ததும், எல்லாரும் இருக்கும்போது, மூன்று காரியங்களைச் சொல்லுங்கள்: எனக்காக யார் பேச வேண்டும், எந்தச் சிகிச்சை எனக்கு வேண்டாம், கடைசி நாட்களில் நான் எங்கே, யாரோடு இருக்க விரும்புகிறேன். தூரத்தில் இருக்கிற பிள்ளைகளுக்குப் போனில் சொல்லுங்கள். அப்படியே வயதான பெற்றோரின் மனதையும் பொறுமையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடம், பின்னால் உங்கள் பிள்ளைகள் ஒருவரையொருவர் குற்றப்படுத்தாமல், சமாதானத்தோடு உங்கள் கட்டிலண்டையில் நிற்க உதவும்.

கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக.