பழவேற்காடு: சிற்றுலாவும் ஒளிப்படமும்

பழவேற்காடு, திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி வட்டத்தில் உள்ள கடலோர ஊராகும். சென்னை, கும்மிடிப்பூண்டிப் பகுதி மக்கள் ஒரே நாளில் சென்று திரும்பும் இடமாக இது விளங்குகிறது. இங்குள்ள ஏரி, சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும்.

குளிர்காலத்தில் வரும் பூநாரைகளும், நுழைவாயிலில் எலும்புக்கூடுகள் செதுக்கப்பட்ட 17ஆம் நூற்றாண்டு டச்சுக் கல்லறையும் ஒளிப்படம் எடுப்போரை ஈர்க்கின்றன. பூநாரைகள் ஆழமற்ற நீரை அலகால் வடிகட்டி இரை உண்பவை. படகில் நெருங்கினால் அவை கூட்டமாக எழுந்து பறக்கும். இரை தேடும் நேரமும் ஆற்றலும் வீணாகும்.

படகுப் பயணம் மனிதருக்கும் ஆபத்தாகலாம். 2011 திசம்பர் 25 அன்று இவ்வேரியில் படகு கவிழ்ந்து, விடுமுறையைக் கழிக்க வந்த 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எனவே, கரையில் நின்று ஜூம் லென்ஸ் மூலம் படமெடுப்பதே பறவைகளுக்கும் பயணிகளுக்கும் பாதுகாப்பானது.