பல் போனது அன்று, பல் நின்றது இன்று

நாற்பது ஐம்பது வருடங்களுக்கு முன்பு நம் ஊர்களில் பல் டாக்டரிடம் போவது என்றால், பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போவது என்றுதான் அர்த்தம். கன்னம் வீங்கி, ராத்தூக்கம் கெட்டு, கைவைத்தியமெல்லாம் தோற்ற பிறகுதான் ஆள் கிளம்புவார். பல் போகும், வலியும் போகும். அதற்குப் பிறகு வீட்டில் நடக்கும் கவனிப்பு மூன்று நாள் சமாச்சாரம். இன்று அதே சொத்தைப் பல்லுக்கு ரூட் கேனால் செய்து, கேப் போட்டு, வாயிலேயே நிறுத்திவிடுகிறார்கள். பல் தங்கிவிட்டதால் அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் தங்கிவிட்டது.

அன்றைக்கு டாக்டர்களே குறைவு. பல் மருத்துவர் சட்டம் 1948-இல்தான் வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு தொடங்கியது 1953-இல். சென்னைவாசிகளுக்குப் பல் கட்டுவதற்குப் பரம்பரைத் தொழில்காரர்களான சீனப் பல் டாக்டர்கள் இருந்தார்கள். சிற்றூர்க்காரர்களுக்கு அதுவும் இல்லை. பிடுங்கி அனுப்பியவர் சொன்ன இரண்டு வார்த்தையைவிட, வீட்டில் காத்திருக்கும் பாட்டியின் சொல்தான் செல்லுபடியாகும்.

பாட்டியின் வைத்தியத்தில் கை சும்மா இருக்காது. 'கெட்ட ரத்தம் வெளியே போகட்டும், துப்பு' என்று பக்கத்தில் ஒரு சட்டியை வைப்பார். வெந்நீரில் உப்புப் போட்டு உடனே கொப்பளிக்கச் சொல்வார். மஞ்சள்தூளைக் குழியில் அப்புவதும், கிராம்பை நசுக்கி அடக்கிக்கொள்வதும், வீங்கிய கன்னத்துக்குச் சூட்டு ஒத்தடம் கொடுப்பதும் நடக்கும். சில வீடுகளில் ஒரு துணுக்குப் புகையிலையும் வாய்க்குள் போகும். பல்வலிக்கென்று வாயில் வைத்த புகையிலை பிறகு பழக்கமாகவே ஒட்டிக்கொண்ட பெண்கள் அந்தத் தலைமுறையில் உண்டு.

இன்றைய டாக்டர் சொல்வது பெரும்பாலும் 'செய்யாதீர்கள்' என்ற பட்டியல். பஞ்சை முக்கால் மணி நேரம் அசையாமல் கடித்திருங்கள். எச்சிலைத் துப்பாமல் விழுங்குங்கள். முதல் 24 மணி நேரம் கொப்பளிக்க வேண்டாம். ஸ்ட்ரா போட்டு எதையும் உறிஞ்ச வேண்டாம். சிகரெட் கூடவே கூடாது. காரணம் ஒன்றுதான். பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து, புண்ணுக்கு மூடிபோல உட்காருகிறது. அதன் அடியில்தான் புதுத் திசு வளர வேண்டும். துப்பினாலும் உறிஞ்சினாலும் அந்த உறைவு பெயர்ந்துவிடலாம். பெயர்ந்தால் எலும்பு வெளியே தெரியும், காற்றுப் பட்டாலே வலிக்கும். பிடுங்கிய அன்று அடங்கியிருந்த வலி இரண்டாம் மூன்றாம் நாளில் திடீரென்று ஏறி, காதுவரை இழுத்து, வாயில் நாற்றமும் அடித்தால் டாக்டர்கள் 'டிரை சாக்கெட்' என்பார்கள். கீழ்க்கடைவாயில் ஞானப்பல் எடுத்தவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் இது அதிகம். இதற்கு வீட்டில் மருந்து இல்லை. டாக்டரிடம் போய்க் குழியைக் கழுவி மருந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒத்தடமும் தலைகீழாகிவிட்டது. சூடு பட்டால் ரத்த ஓட்டம் கூடி வீக்கமும் கூடும். அதனால் முதல் நாள் துணியில் சுற்றிய ஐஸ்கட்டியைக் கன்னத்தின் வெளிப்பக்கம் கால் மணி நேரம் வைத்து, கொஞ்ச நேரம் எடுத்துவிட்டு, மறுபடி வைக்கச் சொல்கிறார்கள். ஜலதோஷம் பிடிக்கும் என்று மறுக்கப்பட்ட ஐஸ்கிரீமைக் கூட டாக்டரே சாப்பிடச் சொல்லும் காலம் இது. பிள்ளைகளுக்கு அதில் ஒரே கொண்டாட்டம். ஆனால் ஊசி போட்ட உதடு இரண்டு மூன்று மணி நேரம் மரத்தே இருக்கும். அந்த நேரத்தில் உணர்ச்சி தெரியாமல் உதட்டையும் கன்னத்தையும் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும் குழந்தைகள் நிறைய. மரப்பு தெளியும்வரை அவர்களுக்குச் சாப்பாடு கொடுக்காமல் கண்பார்வையில் வைத்திருப்பது நல்லது.

அறிவுரை மாறுவதற்குப் பல நேரம் காரணம் பொருள் மாறியதுதான். பழைய வெள்ளி அடைப்பில் ஏறக்குறைய பாதி பாதரசம். முழு உறுதி வர ஒரு நாள் பிடிக்கும். அதனால்தான் 'இன்றைக்கு அந்தப் பக்கம் மெல்லாதே' என்றார்கள். பாதரசத்தைக் குறைக்க 2013-இல் மினமாட்டா உடன்படிக்கை உருவானது. அந்த அடைப்பு இப்போது அருகிவருகிறது. பல் நிறத்தில் வைக்கும் இன்றைய அடைப்பு நீல விளக்கொளியில் சில விநாடிகளிலேயே இறுகிவிடும். ஆனாலும் அப்பாவும் அம்மாவும் பழைய நினைப்பில் ஒரு நாள் பட்டினி போடச் சொல்வார்கள். மரப்பு தெளிந்தால் சாப்பிடலாம்.

உண்மையில் பெரிய பொறுப்பு வந்திருப்பது ரூட் கேனாலுக்குப் பிறகு. முதல் தடவை போய் வந்ததுமே பெரும்பாலும் வலி நின்றுவிடும். 'அதான் சரியாயிடுச்சே' என்று மறு தேதியைத் தள்ளிப்போடுகிறவர்கள் எந்த கிளினிக்கிலும் உண்டு. உள்ளே இருப்பதோ தற்காலிக அடைப்பு. சில வாரங்களில் அது தேய்ந்து கசிய ஆரம்பிக்கும், கிருமி மறுபடி இறங்கும். சொத்தையாலும் சிகிச்சையாலும் சுவர் மெலிந்த கடைவாய்ப்பல், கேப் போடாமல் முறுக்கைக் கடித்தால் பிளந்துபோகலாம். வேர்வரை பிளந்த பல்லுக்கு முடிவு பழைய முடிவுதான்: பிடுங்குவது. கேப் வரும்வரை கடலை மிட்டாய், முறுக்கு, ஒட்டும் அல்வா எல்லாவற்றையும் அந்தப் பக்கம் ஒதுக்கிவைக்க வேண்டும். கேப் போட்ட பிறகும் அதன் ஓரத்தில், ஈறு தொடும் இடத்தில், சொத்தை வரும். அங்கே பிரஷ் ஓட வேண்டும்.

கட்டுப்பல்லிலும் இதே கதை. அன்று கழற்றி மாட்டும் பல்செட். இரவில் கழற்றிக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டால் போதும். கொதிநீரில் போடாமல் இருக்க வேண்டும், வளைந்துவிடும். இன்று எலும்பில் பதிக்கும் டைட்டானியம் திருகு. ஸ்வீடனின் பிரோனமார்க் 1965-இல் முதல் நோயாளிக்கு வைத்த முறை அது. எலும்போடு ஒட்டிப் பிடிக்க மாதக்கணக்கு ஆகும். அதற்குச் சொத்தை வராதுதான். ஆனால் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் கெடும், கெடும்போது பல நேரம் வலியும் காட்டாது. இடுக்குக்குள் நுழையும் சின்னப் பிரஷ்ஷால் தினமும் சுத்தம் செய்யாவிட்டால், லகரத்தில் செலவழித்தது ஆட்டம் காணும்.

பாட்டி முழுவதும் தோற்கவில்லை. அதே உப்புத் தண்ணீர் இன்றும் சீட்டில் இருக்கிறது. ஒரு நாள் கழித்து, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு. வேகமாகச் சுழற்றாமல் வாயில் நிறுத்தித் தானாக வழியவிட வேண்டும். தவறியது நேரம் மட்டும்தான். கிராம்பின் யூஜினால் டாக்டரின் மருந்திலும் இருக்கிறது. ஆனால் கிராம்புத் தைலத்தை அப்படியே ஊற்றினால் ஈறு வெந்துபோகும். காரமில்லாத குழைந்த ரசம் சாதமும் ஆறிய கஞ்சியும் அன்றும் சரி, இன்றும் சரி.

மோசமான பக்கம் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. மெடிக்கல் கடையில் 'பல்வலிக்கு' என்று கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக், பாதியில் நிறுத்தும் மாத்திரை, ரத்தம் நிற்காதோ என்று பயந்து இதய நோயாளி தானாகவே விட்டுவிடும், ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரை. கடைசியது உயிருக்கே ஆபத்து. அந்த முடிவைப் பல் டாக்டரும் இதய டாக்டரும் பேசித்தான் எடுக்க வேண்டும். மூன்று நாளுக்குப் பிறகும் வீக்கம் ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்கவும் விழுங்கவும் முடியாவிட்டாலோ, ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அன்று பல் பிடுங்கப் போனவர் தனியாகப் போனதில்லை. தம்பியோ மாமாவோ கூட வருவார், டாக்டர் சொன்னதை அவர் கேட்டுக்கொள்வார். இன்று ஆபீஸ் இடைவேளையில் தனியாகப் போய் வருகிறோம். பஞ்சைக் கடித்தபடி, பாதி பயத்தில், வாய் திறந்து சந்தேகம் கேட்க முடியாத நிலையில்தான் முக்கியமான சொற்கள் நம் காதில் விழுகின்றன. ஆகவே சிகிச்சைக்கு முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: எப்போது சாப்பிடலாம், எதைச் செய்யக் கூடாது, எந்த அறிகுறிக்குக் கூப்பிட வேண்டும், அடுத்து எப்போது வர வேண்டும். முடிந்தால் வீட்டாள் ஒருவரையும் கூட்டிப் போங்கள். மிச்ச வைத்தியம் நடக்கப்போவது வீட்டில்தான்.