காரின் காவல் விளக்கு

மைசூர்ப் பகுதியில் வாழும் நம்மவர் பலர் மேல்கோட்டைக்குப் பழைய காரிலேயே செல்கின்றனர். அவ்வாறு சென்ற நாம் ஒரு மாலை மலையடியில் காரைக் கிளப்ப முயன்றபோது இயந்திரம் உறுமி, உடனே அடங்கிவிட்டது. சாவிப் படம் பொறித்த சிவப்பு விளக்கு விடாமல் சிமிட்டியது. பின்னிருக்கையில் முதிய அன்னையார், பொழுதோ சாய்ந்துவிட்டது. வைரமுடியை மாண்டியா கருவூலத்திலிருந்து காவலுடன் கொண்டுவரும் ஊரில் நம் கார் நம்மையே ஐயுற்றது!

சாவியின் தலைக்குள் நுண்ணிய சில்லு ஒன்று உண்டு. பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் அதற்கு மின்சக்தி ஊட்டி, அதன் குறியெண்ணைப் படிக்கிறது. எண் பொருந்தாவிடில், பல கார்களில் எரிபொருள் தடைப்படும். பிரிட்டனில் 1998 அக்டோபர் முதல் புதிய கார்களுக்கு இவ்வமைப்பு கட்டாயமாயிற்று.

பூட்டி நிறுத்திய காரில் இவ்விளக்கு மெல்ல மினுக்குவது இயல்பே. சாவியைத் திருப்பிய பின்னரும் சிமிட்டினால், வளையத்திலுள்ள பிற கார்ச் சாவிகளை முதலில் விலக்குக. நமக்கு நேர்ந்த தொல்லை அதுவே. மகனது கார்ச் சாவியைக் கழற்றியதும் இயந்திரம் ஓடிற்று.

அதற்கும் இணங்காவிடில் இரண்டாம் சாவியால் முயல்க. சில்லின்றி அறுத்த மறுசாவி கதவைத் திறக்கும், காரை ஓட்டாது. அடுத்து பாட்டரி. நிறைந்த பாட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும், 12.2 பாதி நிலை. முனைகளில் வெண்பூப்பு இருப்பின், எதிர்முனையை முதலில் கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீரால் துடைத்து, உலர்ந்த பின் அதையே கடைசியாகப் பூட்டுக. வானொலிப் பெட்டிக்குக் குறியெண் உண்டாயின் முன்னரே குறித்துக்கொள்க. இவ்வளவுக்கும் விளக்கு அடங்காவிடில் குறை சுருளிலோ கட்டுப்பாட்டுப் பெட்டியிலோ இருக்கலாம். இரு சாவிகளையும் உரிமைப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு பணிமனையை நாடுக.