ஐந்தாவது பெயர்

போன மகாளய அமாவாசை அன்று காக்காவுக்குச் சோறு வைக்கப் போய், மேக்பையிடம் தலையில் கொத்து வாங்கினேன். மெல்போர்னில் இருக்கிறவர்களுக்கு இது புரியும். ஊரில் புரட்டாசி என்றால் இங்கே வசந்தம், மேக்பை குஞ்சு பொரிக்கிற சமயம். தபால்காரர், சைக்கிள்காரர் என்று யாரையும் விடாது. முன்னோருக்குப் படைக்கிறவளுக்கு மட்டும் சலுகை காட்டுமா என்ன?

ஒன்பது வயது மகள் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று நன்றாகச் சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள். "அம்மா, அந்தச் சோறு யாருக்கு?"

"கொள்ளுத் தாத்தாவுக்கு."

"அவர் பேர் என்ன?" சொன்னேன். "அவரோட அப்பா பேர்?" அதையும் சொன்னேன். அது சுலபம், என் அப்பாவின் பெயரும் அதேதான். "அவரோட அம்மா பேர்?"

தெரியவில்லை. என் சொந்தப் பூட்டியின் பெயர் எனக்குத் தெரியவில்லை.

நான் ஏழு வயதில், 1995-ல் இங்கே வந்தவள். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் எழுதப் படித்தேன். இதைப் படிக்கிற உங்களில் பலரும் அப்படித்தான் இருப்பீர்கள். வீட்டுச் சாமி கும்பிடுவதை அம்மா அப்பா செய்ததைப் பார்த்து அப்படியே செய்கிறோம். இலை போடுகிறோம், செத்தவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து வைக்கிறோம். யாருக்கு என்று ஒரு பிள்ளை கேட்டால் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்கிறோம். தர்ப்பணம் கொடுக்கிற வீடுகளிலாவது அப்பா, தாத்தா, கொள்ளுத் தாத்தா என்று மூன்று தலைமுறைப் பெயர் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் அதுவும் கிடையாது.

அந்த வாரமே ஆரம்பித்தேன். ஞாயிறு இங்கே மத்தியானம், அங்கே காலை. சிவகங்கைப் பக்கம் கிராமத்தில் சித்தப்பா வீட்டில் இருக்கிற அப்பத்தாவுக்கு வீடியோ கால். வயது எண்பத்தேழோ எண்பத்தெட்டோ. பேச்சை அவர் அனுமதியோடு போனிலேயே பதிவு செய்தேன்.

முதல் பாடம்: வருஷம் கேட்டால் பதில் வராது, சம்பவம் கேட்டால் வரும். "அத்தை எப்ப பொறந்தாங்க?" என்றதற்கு உதட்டைப் பிதுக்கினார். "தனுஷ்கோடிப் புயல் அடிச்சப்ப அவ கைப்பிள்ளை" என்று ஐந்து நிமிடம் கழித்து தானாகவே சொன்னார். அந்தப் புயல் 1964 டிசம்பர். அத்தையின் ஜாதகத்தில் குரோதி வருஷம் என்று இருக்கிறது. தமிழ் வருஷப் பெயர்கள் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வரும், அதாவது மாடுலோ 60. குரோதி என்றால் 1964-65 ஆகவும் இருக்கலாம், 2024-25 ஆகவும் இருக்கலாம். புயலோடு சேர்த்துப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்தது. அப்பாவின் பாஸ்போர்ட்டில் இருக்கிற பிறந்த தேதியோ, பள்ளியில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் கணக்குப் போட்டு எழுதியது. அந்தத் தலைமுறையில் இத்தனை பேர் ஜூனுக்கு முன்னால் பிறந்திருப்பது எப்படி என்று உங்கள் வீட்டிலும் விசாரித்துப் பாருங்கள்.

கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் தொழில், அதனால் சுலபம் என்று நினைத்தேன். கிராம்ப்ஸ் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. வம்சாவளிக் கோப்புகளை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற ஜெட்காம் என்று 1984 முதல் ஒரு வடிவம் இருக்கிறது. இதெல்லாம் வெள்ளைக்காரக் குடும்பத்தை மனதில் வைத்துச் செய்தது. முதலில் குடும்பப் பெயர் எங்கே என்று கேட்கும். நமக்கு ஏது? தாத்தாவின் பெயர் அப்பாவுக்கு இனிஷியல், அப்பாவின் பெயர் எனக்கு இனிஷியல், இங்கே வந்த பிறகு அதுவே சர்நேம். அதை அப்படியே நிரப்பினால் ஒரே வம்சம் தலைமுறைக்கு ஒரு குடும்பமாக உடைந்து கிடக்கும். காலியாக விடுங்கள், ஒன்றும் ஆகாது. பெயர்களைத் தமிழிலேயே எழுதுங்கள். 2021-ல் வந்த ஜெட்காம் 7 யூனிகோடைக் கட்டாயமாக்கிவிட்டது, எழுத்து உடையாது.

அடுத்தது 'ட்ரீ' என்கிற சொல். நம் ஊர்ச் சொந்தம் மரமே இல்லை, பின்னல். அக்காள் மகளைக் கட்டியவர் இரண்டு பேர், அத்தை மகனைக் கட்டியவர் நாலு பேர். படம் வரைந்தால் கோடுகள் மேலே போய்த் திரும்பிக் கீழே வருகின்றன. முறை சொல்லிக் கொடுக்க மகளுக்காக ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். ஒரு பாட்டியைக் கொடுத்தால் ஒரு வழியில் சின்னம்மா என்றது, இன்னொரு வழியில் அத்தை என்றது. பக் என்று நினைத்து ஒரு இரவு முழுக்கத் தேடினேன். அப்பத்தாவிடம் கேட்டபோது, "ரெண்டும்தான். எது உனக்குத் தோதோ அதைச் சொல்லிக் கூப்பிடு" என்றார்.

பெயர்களும் ஒன்று விட்டு ஒரு தலைமுறை திரும்ப வரும். பேரன் என்ற சொல்லே பெயரன்தான், பாட்டன் பெயரைச் சுமப்பவன். பேத்தி, பெயர்த்தி. மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர், மூத்த மகளுக்கு அப்பாவைப் பெற்றவள் பெயர். இது எங்கள் பக்கத்து வழக்கம். மென்பொருளோ இவர்கள் ஒரே ஆளா, சேர்த்துவிடவா என்று கேட்கும். அவசரப்பட்டு ஆம் என்று சொல்லிவிடாதீர்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் மகளின் கேள்விக்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை. "அப்பத்தா, உங்க மாமியார் பேர் என்ன?" மூன்று ஞாயிறு கேட்டேன். புருஷன் பெயரைச் சொல்லாத தலைமுறை, மாமியாரை ஆயுசுக்கும் அத்தை என்றே கூப்பிட்டவர். மறந்துபோச்சு என்றார். கழுத்து மணியைத் தடவிக்கொண்டு, "அது என்னத்துக்கு ஆத்தா" என்றார். மறதி என்றே நானும் நினைத்தேன்.

சித்தப்பாவிடம் கேட்டு, குலசாமி கோயில் வரி நோட்டை வாட்ஸப்பில் வாங்கினேன். மாசி சிவராத்திரிக்குத் தலைக்கட்டு வரி வாங்கிய கணக்கு. பங்காளிகள் எல்லார் பெயரும், அப்பா பெயரோடு, அழகாக வரிசையாக இருந்தது. கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. பெண் யாரும் இல்லை. நான் வருஷாவருஷம் இங்கிருந்து அனுப்புகிற பணமும் அப்பா பெயரில்தான் வரவாகியிருக்கிறது. சரி, இது எனக்குப் புதிதல்ல.

பெண்கள் பெயர் வேண்டுமென்றால் சாமியை விட்டுவிட்டுச் சொத்தைத் தேடவேண்டும். இதை நான் தற்செயலாகத்தான் கற்றுக்கொண்டேன். பழைய கிரையப் பத்திரங்களில் இன்னார் குமாரர் இன்னார் என்று ஆண்கள் மட்டும் வருவார்கள். ஆனால் 1956-ல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் அவர் சம்பாதித்த சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு. பூர்வீகச் சொத்தில் பங்கு கிடைக்கத் தமிழ்நாட்டில் 1989 ஆகவேண்டியிருந்தது, அதுவும் அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு 2005 வரை கிடைக்கவில்லை. எப்படியானாலும், சொத்தை மாற்ற வேண்டுமென்றால் மகள்களும் வந்து கையெழுத்துப் போடவேண்டும். பெரும்பாலும் எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் கையெழுத்து. அதன் பெயர் விடுதலைப் பத்திரம். யாருக்கு விடுதலை என்று கேட்காதீர்கள்.

அப்பாவின் அலமாரியில் ஊர் ஃபைல் ஒன்று இருக்கும். தாத்தா இறந்த தேதிக்காக அதைத் திறந்தேன். 1996-ல் தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழின் ஜெராக்ஸ். வாரிசுகள் ஐந்து பேர். அப்பத்தா, அப்பா, அத்தை, சித்தப்பா. ஐந்தாவதாக, மகள் என்று இன்னொரு பெயர்.

எனக்கு ஒரு அத்தைதான் என்று முப்பது வருஷத்துக்கும் மேலாக நினைத்திருக்கிறேன்.

அடியிலேயே 1998-ல் பதிவான விடுதலைப் பத்திரமும் இருந்தது. ஐந்தாவது பெயருக்குரியவர், ஒரு ரூபாய்கூட வாங்கிக்கொள்ளாமல், தன் பங்கைத் தம்பிகளுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். குண்டு குண்டான கையெழுத்து. க/பெ என்பதற்குப் பின்னால் எங்கள் சொந்தத்தில் யாருக்கும் இருக்க வாய்ப்பில்லாத ஒரு பெயர். பாதிக் கதை அதிலேயே புரிந்துவிட்டது.

அப்பாவிடம் காட்டினேன். "அது எதுக்கு இப்ப?" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார், தோட்டத்துக்குப் போய்விட்டார். அம்மா அடுப்பைப் பார்த்தபடி, "1979" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஞாயிறு சித்தப்பா சந்தைக்குப் போயிருந்தார், பக்கத்து வீட்டுப் பையன்தான் போனைப் பிடித்திருந்தான். எப்படி ஆரம்பிப்பது என்று நான் யோசிப்பதற்குள் அப்பத்தாவே கேட்டார். "அந்தப் படத்துல எனக்கு எத்தனை பிள்ளைன்னு எழுதியிருக்க?"

"மூணு."

"நாலுன்னு எழுது."

பிறகு சொன்னார். "என் மாமியா பேரைக் கேட்டேல்ல. அவ பேருதான். மூத்தவளுக்கு அந்தப் பேரைத்தான் வச்சது." 1979-க்கு அப்புறம் அந்தப் பெயரை அந்த வீட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாது என்று தாத்தா சொல்லிவிட்டாராம். மகளோடு சேர்த்து, பாவம், தன் தாயின் பெயரையும் அவர் அழித்துக்கொண்டார். என் மகளின் கேள்விக்குப் பதில் இத்தனை நாள் இப்படித்தான் பூட்டிக் கிடந்தது.

வம்ச வரலாறு என்று ஊரில் அச்சடித்துக் கொடுக்கிற புத்தகங்களைப் பார்த்திருப்பீர்கள். முதல் பக்கத்திலேயே சாதிப் பெருமை தொடங்கிவிடும். என் கோப்பில் சாதிக்கு இடம் வைக்கவில்லை என்று நான் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அது சும்மா. அந்தப் பின்னலே சாதியின் வடிவம்தான். வெளியே போன ஒரு கோட்டை அழித்ததால்தான் அது அவ்வளவு அழகாகப் பின்னியிருந்தது. உங்கள் வீட்டுப் படமும் ரொம்பச் சுத்தமாக இருந்தால், யாரை விட்டிருக்கிறோம் என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். வாரிசுச் சான்றிதழ் எங்கே என்று கேளுங்கள்.

நான் பட்டுத் தெரிந்துகொண்டதில் இன்னும் சில. பழைய போட்டோவின் பின்பக்கத்தில் பென்சிலால் யார் யார் என்று இப்போதே எழுதி வையுங்கள், தெரிந்தவர் ஒருவர் போனால் அந்தப் போட்டோ வெறும் காகிதம். உயிரோடு இருப்பவர்கள் விவரத்தைப் பொதுத் தளங்களில் ஏற்றாதீர்கள். அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரைப் பாதுகாப்புக் கேள்வியாகக் கேட்கிற வங்கிகள் இன்னும் இருக்கின்றன. கோப்பை இரண்டு இடத்தில் வையுங்கள். அச்சடித்துச் சுவரிலும் ஒட்டுங்கள், பெரியவர்கள் திரையைத் திருத்த மாட்டார்கள், தாளைத் திருத்துவார்கள்.

இந்தக் கடைசி விஷயத்தை அப்பாதான் கற்றுக்கொடுத்தார். படத்தை ஏ1 தாளில் அச்சடித்து ஹாலில் ஒட்டியவள் என் மகள். பெரிய அத்தையின் பெயர் இருந்தது, அப்பத்தா சொன்னபடி பிறந்த வருஷம் 1959 என்று இருந்தது. அப்பத்தாவின் மாமியார் பெயரும் மேலே அதே எழுத்துகளில். அந்தப் பெயரை இங்கே நான் எழுதவில்லை. அதற்குச் சம்மதிக்க வேண்டியவர் வேறு.

மூன்று வாரம் அப்பா அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பவே இல்லை. சாப்பாட்டு மேஜையில்கூட இடம் மாறி உட்கார்ந்தார். நாலாவது வாரம், பேத்தியைத் தமிழ்ப் பள்ளியிலிருந்து கூட்டிவந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் தாளின் முன்னால் போய் நின்றார். சட்டைப் பையிலிருந்து பேனா எடுத்தார். 1959-ஐ அடித்தார்.

"அம்மாவுக்கு ஞாபகம் தப்பிருச்சு. அவ எனக்கு ரெண்டு வயசு மூப்பு இல்ல, நாலு. என்னைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிட்டுப் போனவ" என்று 57 என எழுதினார்.

அத்தையின் பெயருக்குக் கீழே இரண்டு காலிக் கட்டங்களை என் மகள் வரைந்து வைத்திருந்தாள். பிள்ளைகள் எத்தனை என்று எங்கள் யாருக்கும் தெரியாது, அவளாக வைத்த கணக்கு. அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சித்தப்பாவிடம் நம்பர் இருக்கும், பத்திரம் பதிந்த நாளிலிருந்தே இருக்கும் என்றார். இந்த ஞாயிறு கேட்கச் சொல்லியிருக்கிறார். முதலில் யார் பேசுவது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.