அங்கன்வாடியும் மழலைக் கல்வியும்

பூவிருந்தவல்லி, ஆவடி வட்டாரச் சிற்றூர்களில் அங்கன்வாடியைக் கடந்து செல்லும் மழலையர் பள்ளி வேன்கள் நாம் அன்றாடம் காண்பவை. கட்டணமின்றி உணவும் முட்டையும் தரும் மையத்தை விடுத்து, கடன்பட்டேனும் பெற்றோர் வேனை நாடுவது ஏன்?

1975 அக்டோபர் 2 அன்று 33 இடங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், ஊட்டச்சத்து, தடுப்பூசி, முன்பருவக் கல்வி முதலிய ஆறு பணிகளை ஒரே மையத்தில் வைத்தது. தமிழகத்தில் 1982 ஜூலை 1 முதல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் 2 முதல் 5 வயதுக் குழந்தைகளையும் எட்டியது. பசி தணிந்தது, அது சிறிய சாதனையன்று. ஆயின் எடை பார்த்தல், கருவுற்ற தாய்மாரைக் கண்டுவருதல், பதிவேடு எழுதுதல் யாவும் ஒரே பணியாளரின் பொறுப்பு. கதையும் பாட்டும் எஞ்சிய நேரத்திற்கே. சீருடையும் எழுத்துப் பலகையும் கண்ணுக்குத் தெரிகின்றன. விளையாட்டில் வளரும் மொழித்திறன் தெரிவதில்லை. பெற்றோரைக் குறை கூறுவதற்கில்லை.

2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களின் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தோன்றின. அவற்றிற்கு மாற்றப்பட்ட ஆசிரியர்களை 2022இல் திரும்ப அழைத்தபோது வகுப்புகளே நின்றுவிடும் நிலை எழுந்தது. எதிர்ப்புக்குப் பின்னரே தனி ஆசிரியர்களை அமர்த்த முடிவாயிற்று. பெயர் மாற்றத்தினும் மழலையர்க்கென ஓர் ஆசிரியர் என்பதே இதில் பெரிது.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குக் காலையில் புறப்படும் தாயின் இடர் வேறு: அவர் இல்லம் திரும்புமுன் மையம் அடைத்துவிடும்.