அடைத்த போர்ட் ஏன் திறந்திருக்கிறது?

சிறு நிறுவனங்களின் உபுண்டு சர்வர்களில் அடிக்கடி காணக்கூடிய சிக்கல் இது. 22, 80, 443 தவிர எல்லா போர்ட்டையும் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் அடைத்திருப்பார்கள். ஆனால் வெளியிலிருந்து என்மேப் கொண்டு சோதித்தால் 5432 பதில் சொல்லும். அது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் போர்ட். வாடிக்கையாளர் விவரமும் கணக்கு வழக்கும் இருக்கிற இடம்.

பதற்றத்தில் அடைக்கும் விதியையே மறுபடி எழுதுவார்கள். பலன் இருக்காது. அந்த போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கும் நிரல் எது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். ரூட் உரிமையோடு 'எஸ்எஸ்' கட்டளையை ஓட்டினால் பெயர் தெரிந்துவிடும். 'டாக்கர்-ப்ராக்ஸி' என்று வந்தால் காரணம் கையில் கிடைத்த மாதிரிதான்.

தரவுத்தளம் டாக்கரில், கன்டெய்னர் எனும் தனிப் பெட்டிக்குள் ஓடுகிறது என்று பொருள். கன்டெய்னரின் போர்ட்டை வெளியே தெரியும்படி வைக்கச் சொன்னால், டாக்கர் லினக்ஸின் ஐபிடேபிள்ஸ் ஃபயர்வாலில் தானாகவே விதிகளை எழுதிக்கொள்கிறது. உள்ளே வரும் பாக்கெட்டின் முகவரி உடனே கன்டெய்னரின் முகவரியாக மாறிவிடுகிறது. அதன்பின் அது சர்வருக்கு வந்ததாக இல்லாமல், சர்வரைக் கடந்து போவதாகக் கணக்காகிறது. யூஎஃப்டபிள்யூவில் நாம் வழக்கமாக எழுதும் விதிகளோ சர்வருக்கே வருபவற்றை மட்டும் சோதிப்பவை. வாசலில் காவலாளி விழித்திருக்க, ஆள் பக்கத்துச் சந்து வழியே போவது போலத்தான். டாக்கரின் ஆவணத்தில் இது எழுதியிருக்கிறது. ஆனாலும், உரிமையாளர் அடைக்கச் சொன்ன போர்ட்டைத் திறக்கும்போது திரையில் ஒரு வரி எச்சரிக்கையாவது காட்ட வேண்டாமா?

திறந்து கிடக்கும் தரவுத்தளத்தின் ஆபத்து சிறியதல்ல. 2017 ஜனவரியில், கடவுச்சொல் இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான மாங்கோடிபி தரவுத்தளங்களைத் தாக்குபவர்கள் அழித்துவிட்டுப் பணம் கேட்டார்கள். எங்கிருந்து அழைத்தாலும் பதில் சொல்லும்படி விட்டுவைத்த அமைப்புதான் அங்கே வினையானது.

சரிசெய்வது எளிது. மற்ற கன்டெய்னர்களுக்கு மட்டும் தரவுத்தளம் வேண்டுமென்றால் போர்ட்டை வெளியே வைக்கவே தேவையில்லை. அதே சர்வரில் ஓடும் நிரலுக்கும் வேண்டுமென்றால் 127.0.0.1:5432:5432 என்று எழுதினால் போதும். பிறகு, லாகை எடுத்து வைத்துக்கொண்டு, கன்டெய்னரை நீக்கிவிட்டுப் புதிதாக உருவாக்க வேண்டும். வெறுமனே ரீஸ்டார்ட் செய்தால் பழைய அமைப்பு போகாது.

பிறகு மொபைல் இணையம் போன்ற வேறொரு இணைப்பிலிருந்து மறுபடி சோதியுங்கள். சர்வருக்குள்ளிருந்தே பார்த்தால் உண்மை தெரியாது. ஐபிவி6 முகவரியையும் தனியே சோதிக்க வேண்டும்.

போர்ட் அடைபட்டதும் வேலை முடிந்ததாக நினைக்கக் கூடாது. எடுத்து வைத்த லாகில், அது திறந்திருந்த நாட்களில் தெரியாத முகவரிகள் உள்ளே வந்தனவா என்று பாருங்கள். தரவுத்தளக் கடவுச்சொல்லையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.