பேசாத பிள்ளையும் பேசுகிறது!

குழந்தை பிறந்த வீட்டில் எல்லோரும் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறார்கள்.

முதலில் "அம்மா" என்று சொல்லுமா, "அப்பா" என்று சொல்லுமா என்று பந்தயம் கட்டாத வீடு இல்லை. தாத்தாவும் பாட்டியும்கூட அந்தப் பந்தயத்தில் சேர்ந்து கொள்வார்கள்.

சில வீடுகளில் ஒரு வயது முடிகிறது. ஒன்றரை வயதும் ஆகிறது. இரண்டாவது பிறந்த நாளும் வந்து போகிறது. அந்தச் சொல் மட்டும் வரவில்லை.

பக்கத்து வீட்டுக் குழந்தை மழலை பேசும்போது தாயின் முகம் வாடுகிறது. ஆளுக்கு ஒரு யோசனை சொல்கிறார்கள்.

"இவன் அப்பாவுக்கும் மூன்று வயதில்தான் பேச்சு வந்தது. தானாக வரும்" என்கிறார் பாட்டி.

"நாக்கில் வசம்பு தேய்த்துப் பார்" என்கிறார் அத்தை.

"கோவிலுக்கு நேர்ந்துகொள்" என்கிறார் பெரியம்மா.

எல்லோரும் அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வியைப் பல வீடுகளில் யாரும் கேட்பதில்லை. 'குழந்தைக்குக் காது நன்றாகக் கேட்கிறதா?' என்பதுதான் அந்தக் கேள்வி.

முதலில் காது

குழந்தை காதால் கேட்டுத்தான் பேசக் கற்கிறது. கேட்காத சொல்லை அது எப்படித் திருப்பிச் சொல்லும்?

பிறவியிலேயே காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்களில் மற்றக் குழந்தைகளைப் போலவே அழும். 'ங்கா' என்று குரலும் கொடுக்கும். அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

"தட்டைத் தட்டினால் திரும்பிப் பார்க்கிறதே!" என்பார்கள். கை அசைவை ஓரக் கண்ணால் பார்த்தும் குழந்தை திரும்பலாம். தரையில் வரும் அதிர்வை உணர்ந்தும் திரும்பலாம். இன்னும் சில குழந்தைகளுக்குப் பெரிய சத்தம் கேட்கும். பேச்சில் உள்ள மெல்லிய ஒலிகள் கேட்காது.

எனவே, வீட்டுச் சோதனையை நம்பி இருந்துவிடக் கூடாது.

ஆஸ்பத்திரியில் செய்யும் சோதனை எளிதானது. காதில் ஒரு சிறு முனையை வைத்து மெல்லிய ஒலி அனுப்புகிறார்கள். நல்ல உள்காது அதற்கு ஒரு எதிரொலி தரும். கருவி அதைப் பதிவு செய்கிறது. வலி இல்லை, ஊசி இல்லை. பிறந்து சில நாட்களே ஆன, தூங்கிக் கொண்டிருக்கும் குழந்தைக்கும் இதைச் செய்யலாம். சந்தேகம் இருந்தால், காது நரம்பு சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேறு சோதனையும் உண்டு.

குறை மாதத்தில் பிறந்த குழந்தை, கடுமையான மஞ்சள் காமாலை வந்த குழந்தை, மூளைக் காய்ச்சல் கண்ட குழந்தை, கர்ப்ப காலத்தில் தாய்க்கு 'ருபெல்லா' அம்மை வந்து பிறந்த குழந்தை ஆகியோருக்குக் காதுச் சோதனை மிக அவசியம். பரம்பரையாகவும் காது கேளாமை வரும். தாய்மாமன், அத்தை மகன் என்று நெருங்கிய சொந்தத்தில் மணம் முடிக்கும் குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு அதிகம்.

அடிக்கடி சளி பிடித்து நடுக் காதில் நீர் கோத்துக் கொண்டாலும் கேட்கும் சக்தி குறையும். இதை மருத்துவத்தால் சரி செய்யலாம்.

எந்த வயதில் எது?

எல்லாக் குழந்தைகளும் ஒரே நாளில் பேசத் தொடங்குவதில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம் முன்பின் ஆகலாம். ஆனாலும் சில எல்லைகள் உண்டு.

* 12 மாதத்தில்: 'பாபாபா', 'தாதாதா' என்று அடுக்கி ஒலி எழுப்ப வேண்டும். கை அசைத்து 'டாட்டா' காட்டுவது, வேண்டியதை நோக்கிக் கை நீட்டுவது போன்ற சாடைகள் வர வேண்டும்.

* 16 மாதத்தில்: ஒரு சொல்லாவது பொருளோடு வர வேண்டும்.

* 24 மாதத்தில்: "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொற்களைத் தானாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இவை வராவிட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும். வந்த பேச்சு எந்த வயதில் நின்று போனாலும் உடனே காட்ட வேண்டும்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது, முகம் பார்த்துச் சிரிக்காமல் இருப்பது, பிடித்த பொருளை விரலால் சுட்டிக் காட்டாமல் இருப்பது ஆகியவையும் கவனிக்க வேண்டியவை. காது நன்றாகக் கேட்டும் இப்படி இருந்தால் அது 'ஆட்டிசம்' என்ற நிலையாக இருக்கலாம். சோதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

பாட்டி சொல்வது முழுப் பொய் அல்ல. தாமதமாகப் பேசத் தொடங்கி, பிறகு மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்துவிடும் குழந்தைகள் உண்டு. ஆனால் எந்தக் குழந்தை தானாகப் பேசும், எந்தக் குழந்தைக்கு உதவி வேண்டும் என்று இரண்டு வயதில் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட முடியாது.

காத்திருந்தால், உதவி தேவைப்பட்ட குழந்தைக்குத்தான் நஷ்டம். மூளை மொழியைச் சுலபமாகப் பிடித்துக் கொள்வது முதல் சில ஆண்டுகளில்தான். அந்த ஆண்டுகள் திரும்பி வராது.

தாயின் மேல் பழி

குழந்தைக்குப் பேச்சு வராவிட்டால் பழி முதலில் தாயின் மேல்தான் விழுகிறது.

"கிரகணத்தன்று வெளியே வந்தாள்", "வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு அழுதாள்", "குழந்தையோடு பேசுவதே இல்லை" என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

இந்தப் பழி நம் நாட்டில் மட்டும் இல்லை. 'ஆட்டிசம்' பற்றி லியோ கானர் என்ற டாக்டர் அமெரிக்காவில் 1943-ம் ஆண்டு விரிவாக எழுதினார். அதன் பிறகு பல ஆண்டுகள், பாசமில்லாத தாயால்தான் இது வருகிறது என்று மேல் நாட்டு டாக்டர்களே சொல்லி வந்தார்கள். பிள்ளைக்காக உயிரை விடும் தாய்மாரும் அந்தப் பழியைச் சுமந்தார்கள்.

அது தவறு என்று பின்னர் தெளிவாகிவிட்டது. மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடுதான் ஆட்டிசம். வளர்ப்பினால் அது வருவதில்லை.

வீட்டில் இரண்டு மொழி பேசுவதாலும் குழந்தைக்குப் பேச்சு தடைபடுவதில்லை. தமிழும் தெலுங்கும் புழங்கும் வீட்டில் எந்த மொழி பெற்றோருக்கு மனதிலிருந்து வருகிறதோ அதில் பேசினால் போதும்.

நாக்கின் அடியில் தோல் ஒட்டியிருந்தால் சில எழுத்துகளின் உச்சரிப்புக் கெடலாம். ஆனால் அதனால் ஒரு குழந்தை பேசாமலே இருந்துவிடாது.

வசம்பைத் தேய்ப்பதால் பேச்சு வராது. சிறு குழந்தைக்கு அது கெடுதல் செய்யக்கூடும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனும் கொடுக்கக் கூடாது.

அடமா, பேச்சா?

சமையல் அறை அலமாரியைப் பார்த்துக் குழந்தை அலறுகிறது. தாய் பிஸ்கட் கொடுக்கிறாள். தூக்கி எறிகிறது. பால் கொடுக்கிறாள். தட்டி விடுகிறது. முதுகில் ஒரு அடி விழுகிறது. குழந்தையும் அழுகிறது, தாயும் அழுகிறாள்.

அதற்கு வேண்டியிருந்தது மேல் தட்டில் உள்ள அந்தச் சிவப்புக் கிண்ணம்தான்!

பேச்சு வராத பிள்ளைகள் உள்ள வீடுகளில் இப்படி ஒரு நாளைக்குப் பத்து முறை நடக்கிறது. 'அடம்' என்று நாம் சொல்வது பல நேரங்களில் அடம் அல்ல. சொல்ல வழி இல்லாத தவிப்பு.

கையைப் பிடித்து இழுப்பது பேச்சு. திரும்பிக் கொள்வது பேச்சு. அழுவதும் பேச்சு. அதற்குப் பெயர் கொடுப்பதுதான் பெற்றோர் வேலை. "கிண்ணம் வேணுமா? கிண்ணம்!" என்று சொல்லி எடுத்துக் கொடுத்தால், இழுத்த கைக்கு ஒரு சொல் கிடைக்கிறது.

தண்ணீர், சோறு, கழிப்பறை, தூக்கம், வெளியே போவது ஆகியவற்றின் படங்களை அட்டையில் ஒட்டிக் குழந்தைக்கு எட்டும் உயரத்தில் மாட்டலாம். வேண்டியதை அது தொட்டுக் காட்டும். கையால் சாடை காட்டவும் பழக்கலாம்.

"சாடை பழகினால் பேச்சு வராமல் போய்விடுமே!" என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். சாடையும் படமும் பேச்சைத் தடுப்பதில்லை. தவிப்பு குறைந்த பிள்ளைதான் எளிதில் கற்கிறது.

வீடே பள்ளிக்கூடம்

பேச்சுப் பயிற்சியாளரிடம் குழந்தை இருப்பது வாரத்தில் ஓரிரு மணி நேரம். மற்ற நேரம் எல்லாம் வீட்டில்தான். ஆகையால் வீடுதான் பெரிய பள்ளிக்கூடம். அதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. செய்கிற வேலையோடு பேச்சையும் சேர்த்தால் போதும்.

குளிக்கும்போது: "தண்ணி... ஊத்து... கை... கால்" என்று சின்னச் சின்னச் சொற்களாகச் சொல்லலாம். நாள்தோறும் அதே சொல், அதே செய்கை. திரும்பத் திரும்பக் கேட்டால் மனதில் பதியும்.

சாப்பிடும்போது: ஒரு கையில் இட்லி, ஒரு கையில் வாழைப்பழம். "இட்லியா? பழமா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். கை நீட்டினாலும் சரி, பார்த்தாலும் சரி, 'ப' என்று ஒலித்தாலும் சரி, அதுவே பதில். "பழம்!" என்று சொல்லிக் கொடுத்துவிட வேண்டும்.

விளையாடும்போது: உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, கையில் நண்டு ஊர விடும் விளையாட்டு தெரியாத பாட்டி உண்டா? அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டுவதற்கு ஒரு நொடி முன்பு விரலை நிறுத்த வேண்டும். குழந்தை முகத்தைப் பார்க்கும், குரல் கொடுக்கும், கையைப் பிடித்து இழுக்கும். 'இன்னும் வேண்டும்' என்று அது கேட்டுவிட்டது!

எல்லாவற்றிலும் கடினமானது காத்திருப்பதுதான். கேள்வி கேட்ட மறு நொடியே பெரியவர்கள் தாங்களே பதிலும் சொல்லிவிடுகிறார்கள். மனதிற்குள் பத்து வரை எண்ணிப் பொறுத்தால், குழந்தைக்கும் ஒரு முறை வரும்.

தரையில் உட்கார்ந்து, முகத்துக்கு நேர் முகமாகப் பேச வேண்டும். குழந்தை "பால்" என்றால் "சூடு பால்" என்று ஒரு சொல் கூட்டிச் சொல்லலாம். "சொல்லு, சொல்லு, மாமாவிடம் சொல்லிக் காட்டு" என்று விருந்தாளி முன்னால் நெருக்கக் கூடாது. வந்த சொல்லும் பயந்து ஓடிவிடும்.

செல்போனைக் கையில் கொடுத்தால் குழந்தை அமைதியாகத்தான் இருக்கும். ஆனால் படம் பேசிக் கொண்டே போகும். குழந்தையின் பதிலுக்காக அது காத்திருக்காது.

வீட்டில் அக்கா, அண்ணன் இருந்தால் அவர்களே முந்திக் கொள்வார்கள். "அவனுக்குத் தண்ணி வேணுமாம்!" என்று சொல்லிவிடுவார்கள். அவன் கேட்கும் வரை பொறுக்கச் சொல்லித் தர வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்கும் பெற்றோர் தினமும் கொஞ்ச நேரம் ஒதுக்க வேண்டும். இல்லாவிட்டால் தம்பியின் மேல் கசப்பு வளரும்.

தந்தைக்கும் இதில் சரிபாதி வேலை உண்டு. ஆஸ்பத்திரிக்கு அலைவதும், பயிற்சி கொடுப்பதும், சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்வதும் தாய் ஒருத்திக்கே என்றால் அவள் ஓய்ந்து போவாள்.

எங்கே போவது?

2013-ம் ஆண்டு முதல் நடைபெறும் தேசிய சிறுவர் நலத் திட்டத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு வந்து குழந்தைகளைச் சோதிக்கிறது. அப்போது பேச்சைப் பற்றிய சந்தேகத்தைத் தயங்காமல் சொல்ல வேண்டும். குறைகளைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்துப் பயிற்சி தரும் மாவட்ட மையத்துக்கு அவர்கள் அனுப்புவார்கள். அரசு ஆஸ்பத்திரியின் குழந்தைகள் பிரிவுக்கும், காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்கும் நேராகவும் போகலாம்.

காது மந்தம் என்று தெரிந்தால் கருவி பொருத்தலாம். கருவியாலும் கேட்காத குழந்தைக்கு 'காக்ளியர் இம்பிளாண்ட்' என்ற ஆபரேஷன் இருக்கிறது. நத்தைக் கூடு போன்ற உள்காதுக்குள் மெல்லிய கம்பியைச் செலுத்தி, நரம்புக்கு நேராக ஒலியை எட்டச் செய்கிறார்கள். தமிழ்நாட்டில் முதல்-அமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு இது செய்யப்படுகிறது. 6 வயதுக்குள் செய்ய வேண்டும். எவ்வளவு முன்னால் செய்கிறோமோ அவ்வளவு நல்லது. ஆபரேஷன் ஆனதும் பேச்சு வந்துவிடாது. கேட்கவும் பேசவும் நெடுநாள் பயிற்சி தேவை.

சென்னையில் 1969-ம் ஆண்டு தொடங்கிய 'பால வித்யாலயா' காது கேளாத சிறு குழந்தைகளுக்குப் பேச்சுப் பழக்கும் பள்ளி. சென்னை அருகே முட்டுக்காட்டில் 2005-ம் ஆண்டு தொடங்கிய மத்திய அரசு நிறுவனம், பல குறைபாடுகள் சேர்ந்துள்ள பிள்ளைகளுக்காக இயங்குகிறது. மைசூரில் அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் இருக்கிறது.

2016-ம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், காது கேளாமை, பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு, ஆட்டிசம் ஆகியவற்றையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இந்தப் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கும் உரிமையும் அதில் உண்டு.

பயிற்சி கொடுத்தால் எல்லாப் பிள்ளைகளும் சரளமாகப் பேசிவிடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. சில பிள்ளைகள் சொற்களால் பேசும். சில பிள்ளைகள் கையாலும் படத்தாலும் பேசும். எப்படிப் பேசினாலும், தன் பேச்சைக் கேட்க ஆள் இருக்கும் வீட்டில்தான் பிள்ளை வளரும்.

ஞாயிற்றுக்கிழமையா? பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து விளையாட நல்ல நாள்.

மறுநாள் திங்கட்கிழமை. காதுச் சோதனைக்குப் போக அதுவே நல்ல நாள்!